முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு ஐஸ் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா?

குளிர்ந்த தண்ணீரை முழங்காலைச் சுற்றி ஓட விடுகிற அந்த மெஷினைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ராத்திரி எழுந்து பார்த்துக்கொள்ளத் திடமான ஆள் வீட்டில் இருந்தால் வாடகைக்குக்கூட வேண்டாம். 300 ரூபாய் ஜெல் பை இரண்டு வாங்கி ஃப்ரீசரில் போட்டு வைத்தால் போதும்.

அவசரமாகத் தேடி வந்தவர்களுக்கு இதுவே பதில். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு, வலி எப்படி இருக்குமோ என்று தூக்கம் வராமல் கிடப்பவர்களுக்குத்தான் மீதி எல்லாம். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல் "ஒண்ணும் பயப்படாதீங்க, மூணாம் நாள் நடந்துடுவீங்க" என்பதுதான். அது பொய்யில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். ஆனால் நடப்பது வேறு, வலியில்லாமல் இருப்பது வேறு. அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மனதைத் தயார் செய்துகொண்டிருப்பேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலம் முழுக்க சன்னலுக்குப் பின்னால் நின்றே மாத்திரை எண்ணிக் கொடுத்த கால்கள் இவை. இரண்டு முழங்காலிலும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்துவிட்டது. இந்த வருடம் மாசியில் வலது காலுக்கு மட்டும் திருச்சியில் செயற்கை மூட்டு வைத்தார்கள். வீடு ஸ்ரீரங்கத்தில். நானும் என் கணவரும் மட்டும்தான். அவர் எழுபதைத் தாண்டியவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மகள் பெங்களூரிலிருந்து வந்து கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டு நிலவரத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மெஷின் தேவையா இல்லையா என்று முடிவு செய்ய, முழங்காலைப் பார்ப்பதைவிட வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சரி.

முதலில் வலியைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் பெரும்பாலும் ஆபரேஷன் நடக்கிறது. கூடவே தொடைப் பக்கத்து நரம்புக்கும் மரப்பு மருந்து கொடுக்கிறார்கள். அதனால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. பார்க்க வந்தவர்களோடு சிரித்துப் பேசலாம், காபி குடிக்கலாம். "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும். மருந்தின் வேகம் இறங்கியபின்தான், பெரும்பாலும் மறுநாள், நிஜமான வலி தலைகாட்டும். பழைய தேய்மான வலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது உள்ளேயிருந்து குடையும். இது தோலிலிருந்து எலும்பு வரை எல்லாம் சேர்ந்து எரியும். தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியையும் சீவி எடுத்து, உலோகத்தைப் பொருத்தி, நடுவே பாலிஎதிலீன் என்கிற பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். இவ்வளவு வேலை நடந்த இடம் சில வாரமாவது பேசாமல் இருக்காது. முழங்காலை விட்டுவிட்டுத் தொடை வலித்தாலும் பயப்பட வேண்டாம். ஆபரேஷன் நடக்கும்போது ரத்தத்தை நிறுத்தத் தொடையில் இறுக்கிக் கட்டும் பட்டையால் அந்த வலி வரும். சதை கன்றிப்போய் நாவல்பழ நிறத்தில் இறங்கி இறங்கிக் கணுக்கால் வரை வரும், அப்புறம் மஞ்சளாகி மறையும்.

வீட்டுக்கு வந்தபின் எனக்கு வலி நேரத்துக்கு ஒரு விதமாக இருந்தது. காலையில் விறைப்பு. நாலு அடி வைத்தால் கொஞ்சம் இளகும். சாயங்காலம் வீக்கம். முழங்காலைச் சுற்றி யாரோ இறுகக் கட்டிவிட்டது போல் இருக்கும், தொட்டால் சுடும். இந்த இரண்டையும் சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் ராத்திரி வலி. பதினோரு மணிக்குத் தூங்கினால் ஒன்றரைக்கு விழிப்பு வரும். எப்படிப் படுத்தாலும் காலுக்கு இடம் கொள்ளாது. இடையிடையே வெளிப்பக்கம் சுரீர் என்று ஒன்று ஓடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் வைக்கக் கூடாது. கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு முழுக்க நீட்ட வராது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலை அந்தரத்தில் நீட்டி வைக்க வேண்டும். சுகமாக இருக்கிற நிலை எதுவோ அதைத்தான் கூடாது என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

ஐஸ் மெஷின் எனக்கு உதவியது இந்த நேரத்தில்தான்.

பார்க்கச் சின்ன ஐஸ் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. மூடிக்குள் ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து இரட்டைக் குழாய் ஒன்று நீளமாக வந்து, முழங்காலைச் சுற்றிக் கட்டும் பட்டையில் சேரும். தொட்டியில் கோடு போட்ட அளவுக்குத் தண்ணீரும் ஐஸும் போட்டு சுவிட்சைத் தட்டினால், குளிர்ந்த தண்ணீர் பட்டைக்குள் சுற்றிவிட்டுத் திரும்பத் தொட்டிக்கே வரும். மீன் தொட்டி மோட்டார் போடுகிற சத்தம்தான், பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஜெல் பை வைத்தால் மேலே மட்டும் குளிரும், பக்கவாட்டில் நழுவும். இந்தப் பட்டை முழங்காலின் இரண்டு பக்கத்தையும் அணைத்துக்கொள்கிறது. வீக்கம் அதிகம் நிற்பது முழங்கால் சிப்பிக்கு மேலேயும் இரண்டு பக்கமும்தான் என்பதால் இது பெரிய வித்தியாசம்.

வாடகைக் கடையில் மாதத்துக்கு 3,500 ரூபாய், திருப்பித் தருகிற முன்பணம் 5,000. பதினைந்து நாள் கணக்கு கேட்டால் 2,000 என்றார்கள். கேட்டால்தான் சொல்கிறார்கள், அதனால் கேளுங்கள். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச வரம்பு கொண்டுவந்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஆகும் செலவு தனிக் கணக்கு. மெஷின், வாக்கர், கமோடு சீட், வீட்டுக்கு வரும் பிசியோ எதுவும் என் இன்சூரன்ஸில் வரவில்லை. ஆபரேஷனுக்குக் கணக்குப் போடும்போதே இதற்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஐஸ் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது எங்கள் வீட்டில் செல்லவில்லை. ஒருமுறை நிரப்பினால் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்றார். பங்குனி வெயிலில், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சூடாக இருக்கும்போது அதெல்லாம் நடக்காது. ட்ரேயில் உறைய வைத்த சின்னக் கட்டிகள் கண்ணெதிரே கரைந்தன. பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக் கொடுத்த வழி வேறு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் படுக்க வைத்துவிட வேண்டும். உறைந்ததும் நாலு பாட்டிலை அப்படியே தொட்டிக்குள் இறக்கி, கோடு வரை தண்ணீர் விட வேண்டும். அடுத்த நாலு பாட்டில் ஃப்ரீசரில் தயாராகிக்கொண்டிருக்கும். கட்டி பெரிதாக இருப்பதால் மெதுவாகக் கரைகிறது, தொட்டித் தண்ணீரைக் கொட்டி நிரப்பும் வேலையும் இல்லை. என் கணவர் படுக்கப் போகும் முன் ஒரு முறை பாட்டில் மாற்றுவார், விடியற்காலை காபி போடும்போது ஒரு முறை. நடுவில் அவரை நான் எழுப்பவே இல்லை.

நான் பணம் கொடுத்தது இதற்குத்தான். சுவிட்ச் என் கட்டில் பக்கத்தில் இருந்தது. ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தால் கையை நீட்டித் தட்டுவேன், அவ்வளவுதான். இருபது நிமிடத்துக்கு மேல் ஓட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஓடும்போதே தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, எலக்ட்ரிக்கல் கடையில் டைமர் பிளக் ஒன்று வாங்கி நடுவில் சொருகிவிட்டோம். நேரம் வைத்தால் தானாக நிற்கும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. மெஷின் எடுத்தால் இதையும் கட்டாயம் வாங்குங்கள்.

பட்டையை நேரடியாகத் தோலில் கட்டவே கூடாது. காயத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்திரி இருந்தாலும், அதற்கு மேல் ஒரு பருத்தித் துண்டைச் சுற்றி அதன் மேல்தான் கட்ட வேண்டும். இறுக்கவும் கூடாது, இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டையின் வெளிப்பக்கம் வியர்த்து வியர்த்து மெத்தை நனையும். பழைய ரப்பர் ஷீட் ஒன்றை விரித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியபின் தோலைப் பாருங்கள். லேசாகச் சிவந்திருந்தால் சரி, வெளுத்தோ திட்டுத் திட்டாகவோ இருந்தால் நிறுத்துங்கள். முழங்காலின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இருக்காது; கீறல் போடும்போது தோலுக்குப் போகிற ஒரு சின்ன நரம்புக் கிளை அறுபடுவதால் இப்படி ஆகிறது. அந்த இடத்தில் குளிர் அதிகமானாலும் உங்களுக்குத் தெரியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் சரியில்லாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த மெஷினைத் தொடவே வேண்டாம். நம் ஊரில் முழங்கால் மாற்றிக்கொள்கிறவர்களில் சர்க்கரை இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு மனக்குறையும் உண்டு. முதலில் கொடுத்தனுப்பிய பட்டையில் குழாய் சேரும் இடத்தில் கசிவு. ராத்திரி பதினோரு மணிக்கு மெத்தையெல்லாம் ஈரம். காயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர். ஆபரேஷன் ஆன காலோடு என்னை நாற்காலியில் உட்கார வைத்து என் கணவர் மெத்தையைத் திருப்பிப் போட்டார். மறுநாள் மதியம் வேறு பட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். இருந்தாலும் ஆபரேஷன் ஆனவர் வீட்டுக்கு அனுப்பும் சாமானை ஓட்டிப் பார்க்காமல் அனுப்புவது பெரிய தவறு. கொண்டுவருகிற பையன் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஓட விட்டு, அடியில் காகிதம் போட்டுப் பாருங்கள். பட்டை புதியதா, முந்தியவர் கட்டியதா என்றும் கேளுங்கள். பழையதாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆறாத காயத்தின் மேல் கட்டுகிற பொருள் அது. கரண்ட் போனால் மெஷின் சும்மா கிடக்கும் என்பதால் ஜெல் பை ஒன்று எப்போதும் ஃப்ரீசரில் இருக்கட்டும்.

சரி, மெஷின் வலியை நிஜமாகவே குறைக்கிறதா? குறைக்கிறது, அதற்கு ஒரு எல்லையும் இருக்கிறது. பத்துக்கு எட்டு என்று இருக்கும் ராத்திரி வலி, இருபது நிமிடத்தில் ஐந்துக்கு வரும். தூங்க அது போதும். ஆனால் முழங்காலுக்கு வேண்டியது குளிர்ச்சி, அது மெஷினிலிருந்து வந்தாலும் பையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். இப்படி ஆபரேஷன் ஆனவர்களிடம் செய்த ஆய்வுகளும் ஐஸ் வலியையும் வீக்கத்தையும் ஓரளவு குறைப்பதாகத்தான் சொல்கின்றன. சாதாரண ஐஸ் பையைவிட மெஷின் பெரிய அளவில் மேல் என்று தெளிவாக நிரூபணமாகவில்லை. நான் கொடுத்த வாடகை என் கணவரின் தூக்கத்துக்குத்தான். அந்த வயதில், அந்த இதயத்தோடு, ராத்திரிக்கு மூன்று தரம் எழுந்து ஃப்ரீசருக்கும் கட்டிலுக்கும் நடந்திருந்தால் இரண்டாவது நோயாளி தயாராகியிருப்பார்.

ஐஸை மட்டும் நம்பி யாரும் வலியை ஜெயிக்க முடியாது. மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். "வலி வந்தா போட்டுக்கலாம், எதுக்கு சும்மா மாத்திரை" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சன்னல் வழியாக எத்தனையோ பேர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த ஆபரேஷனுக்கு அது ஒத்துவராது. வலி உச்சிக்குப் போனபின் போடும் மாத்திரை வேலை செய்ய நேரம் எடுக்கும், அதற்குள் கால் இறுகிவிடும். முதல் சில வாரத்துக்கு டாக்டர் எழுதிய பாராசிட்டமாலை, வலி இருக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும். எனக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். வயதானவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், எடை குறைந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. இதில் ஒரு ஆபத்து உண்டு. டிராமடால் என்கிற வீரியமான வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது, சளி மாத்திரையிலும் இருக்கிறது. அட்டையின் பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் அளவு தாண்டிவிடும்.

டிராமடால் ராத்திரிக்கு மட்டும் எழுதியிருந்தார்கள். வலிக்குக் கேட்டது, தலைசுற்றலையும் கொடுத்தது. அதைப் போட்டுவிட்டுத் தனியாக பாத்ரூமுக்கு எழக்கூடாது. மலச்சிக்கலும் வரும், முக்கும்போது கிடைக்கிற வலி தனி. நான் மாத்திரை ஆரம்பித்த அன்றைக்கே இசப்கோலும் ஆரம்பித்துவிட்டேன், கூடவே பப்பாளி, நிறைய தண்ணீர். டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் வகை வலி மாத்திரைகளை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பிரஷர், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அவை கெடுதல் செய்யும். முழங்கால் மாற்றியவர்கள் அநேகமாக எல்லோருமே சில வாரம் ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது ஒரு மருந்தில்தான் இருப்போம்.

அடுத்து வீட்டுக்கு வரும் பிசியோ சேவை. ஒரு முறைக்கு 600 ரூபாய். முதலில் ஒரு ஏஜென்சி மூலம் ஒருவர் வந்தார். "வலிச்சாதான் மடங்கும்" என்பது அவர் கொள்கை. முழு பலத்தோடு அழுத்தினார். இரண்டு நாள் கால் வீங்கி, நடப்பதே நின்றுபோனது. நிறுத்திவிட்டேன். அப்புறம் வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்பதுதான். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆகாவிட்டால் காலைத் தொடமாட்டாள். அதுவரை நல்ல காலுக்குப் பயிற்சி கொடுப்பாள், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்வாள், பேச்சுக் கொடுப்பாள்.

பிறகு கட்டிலில் பிளாஸ்டிக் கவர் ஒன்றை விரித்து அதன் மேல் குதிகாலை வைக்கச் சொல்வாள். கவர் வழுக்குவதால் குதிகால் உராயாமல் உட்கார்ந்த இடத்தை நோக்கி வரும். முதல் பாதி தானாக வரும். ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். காயத்துக்குக் கீழே தோல் பிளந்துவிடும் போலிருக்கும், பிளக்காது. நான் என்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வேன். "மூச்சைப் பிடிக்காதீங்கம்மா, விட்டுக்கிட்டே வாங்க" என்பாள். மூச்சு வெளியே போகப் போக இன்னும் ஒரு விரல் அகலம் வரும். அங்கேயே எண்ணிக்கை. பிறகு கோணமானியை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து என் நோட்டில் எழுதுவாள். தையல் பிரிக்கும் சமயத்தில் 90 டிகிரி எட்ட வேண்டும் என்பது அவள் வைத்த இலக்கு. நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் அந்த அளவாவது வேண்டும். முடிந்தவுடன் காலை உயர்த்தி ஐஸ் பட்டை. மாத்திரை, பயிற்சி, ஐஸ் என்கிற இந்த வரிசை மாறாமல் இருந்த நாட்களில் ராத்திரி நன்றாகப் போனது.

அவள் சொன்ன ஒரு அளவுகோல் எனக்கு எல்லா மருந்தையும்விட அதிகமாக உதவியது. பயிற்சியின்போது வலிக்கலாம். ஐஸ் வைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால் சரியான அளவு. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் அளவு அதிகம், அன்றைக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். இது தெரிந்தபின் வலியைப் பார்த்து மிரள்வது நின்றது. பிசியோ தேடுகிறவர்கள் பட்டத்தையும் கட்டணத்தையும் கேட்பதோடு, முதல் நாளில் அவர் உங்கள் மாத்திரை நேரத்தைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கமோடின் மேல் வைக்கிற நாலு அங்குல உயர சீட், கைப்பிடியோடு: 1,800 ரூபாய், ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும். தாழ்வான கமோடில் உட்கார்ந்து எழுவதுதான் பகலில் அதிகம் வலிக்கிற வேலை. ஆபரேஷனுக்குப் போகும் முன்பே பொருத்திவிடுங்கள். வாக்கர் வாங்கும்போது உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மட்டத்தில் பிடி இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் குனிந்து நடந்து முதுகு போகும். தானாகவே காலை மடக்கி நீட்டும் மெஷினை மருத்துவமனையில் எனக்கு மாட்டினார்கள். அதையும் சேர்த்து பேக்கேஜாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாடகைக் கடையில் வற்புறுத்தினார்கள். நான் எடுக்கவில்லை. கட்டிலில் பாதியை அடைக்கும், வாடகை இரண்டு மடங்கு, அதைப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பின்னாளில் மடக்குவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் டாக்டர் குறிப்பாகச் சொன்னால் மட்டும் எடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தால் சந்தோஷமாகக் குடியுங்கள். தைலம் கொண்டுவந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிடுகிறேன் என்றால் மட்டும் விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் தேய்ப்பது ஆபத்து. கெண்டைக்கால் மட்டும் தனியாக வீங்கி, தொட்டால் வலித்தால் ஐஸ் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், திடீரென்று காலை ஊன்ற முடியாமல் போவது இவற்றுக்கும் அப்படியே. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108.

எத்தனை நாள் இப்படி என்று கேட்பீர்கள். எனக்கு மூன்றாவது வாரத்துக்குப் பிறகு மெஷின் தேவைப்படவில்லை, ஜெல் பையே போதுமாக இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். முன்பணம் முழுதாகத் திரும்பி வந்தது. ராத்திரி வலி ஆறாவது வாரம் வாக்கில் அடங்கத் தொடங்கியது. மூன்று மாதத்தில் மாத்திரை அநேகமாக நின்றது. முழங்காலில் சூடும் லேசான வீக்கமும் இன்னும் இருக்கின்றன. பல மாதம் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கும்போது உள்ளே சின்னதாக ஒரு டக் சத்தம் வருகிறது, வலியில்லாததால் பொருட்படுத்த வேண்டாம் என்றார். இப்போது கைத்தடியை இடது கையில் பிடித்துக்கொண்டு காலையில் உத்திர வீதியில் நடக்கிறேன். தடி எப்போதும் ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். சொன்னால் சாதாரணமாகத் தெரியும், மாற்றி வைத்துப் பார்த்தால் உடனே புரியும்.

தீபாவளி கழிந்து இடது காலுக்கும் செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். அதே கடையில் பதினைந்து நாள் வாடகைக்கு ஒரு மெஷின் சொல்லி வைத்திருக்கிறேன், புதுப் பட்டையோடு. அதே பிசியோ பெண்ணிடம் தேதியும் வாங்கியாகிவிட்டது.